சந்தனம் பூசிய தலை

தாய்மார் கூட்டத்துக்கு வருகிறவர்களில் என் மகளின் தலையை இன்னும் தடவிப் பார்க்காதவர்கள் யாராவது மிச்சம் இருந்தால், வருகிற புதன்கிழமை தாராளமாகத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். அவள் அழமாட்டாள், பழகிப்போயிற்று. எனக்குத்தான் பழகவில்லை. ஆகையால் வருவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

பிறந்தபோது அவளுக்கு நல்ல கறுத்த முடி இருந்தது. மூன்றாம் மாதத்தில் அது தொட்டில் துணியில் உதிர்ந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உதிர்வதுதான். ஆனால் அதன்பின் முளைத்தது நெல்மணி நீளம் வருவதற்குள் ஒடிந்துபோகிறது. பின்னந்தலையைத் தடவினால் பாகற்காய்த் தோல் போலச் சொரசொரக்கிறது. எண்ணெய் வைக்கத் தாமதித்துவிட்டேன் என்றார் ஒருவர். வைத்த எண்ணெயில் கலப்படம் என்றார் இன்னொருவர். சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து எல்லாவற்றிலும் கலப்படம்தானாம். பிள்ளை வயிற்றில் இருக்கையில் நான் புத்தகம் வாசித்ததால் ஏறிய சூடு என்று என் கணவரின் பெரியம்மா சொன்னார். போன வாரம் ஒரு சகோதரி, என் நல்லதுக்காகவே, மொட்டை அடித்துச் சந்தனம் பூசினால் தானாக வளரும் என்றார். நான் வெடுக்கென்று பேசிவிட்டேன். பேசியிருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது. ஆனால் சந்தனம் என்ற பேச்சை எடுத்தால் எனக்குப் பொறுமை நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். என் தலையும் இப்படித்தான் இருந்தது. காலையில் எழுந்தால் தலையணை முழுதும் சின்னச் சின்ன முடித்துண்டுகள். அம்மா விரலை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பாள். சீப்பு என் தலைக்கு ஆகாது. பட்ட இடமெல்லாம் ஒடியும். கிறிஸ்மஸுக்கு மிஷனின் வெள்ளைக்கார மிசியம்மா பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்பு ரிப்பன் கொடுத்தார். எனக்கும் கொடுத்துவிட்டு, என் தலையைப் பார்த்து, எங்கே கட்டுவது என்று தெரியாமல் சிரித்தார். அம்மா அதை என் பாவாடையின் ஓரத்தில் வைத்துத் தைத்தாள். அந்தப் பாவாடை பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் எண்ணெய் காய்ச்சினார்கள். செம்பருத்தி அரைத்தார்கள். சபை மூப்பரின் மனைவி புழுவெட்டுதான் என்று முடிவு செய்து, சின்ன வெங்காயத்தைப் பிளந்து என் தலையில் தேய்க்கச் சொன்னார். கண்ணிலும் நீர், தலையிலும் எரிச்சல். வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒரு மாதம் கழித்து மூப்பரின் மனைவி வந்து பார்த்து, அம்மா சரியாகத் தேய்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். என் தம்பிக்கோ கைகொள்ளாத முடி. அதே தாய், அதே எண்ணெய், அதே சாப்பாடு. இதை யாராவது யோசித்தார்களா என்றால் இல்லை.

அப்பா எங்கள் ஆற்றங்கரைச் சபையின் உபதேசியார். ஊருக்குள் ஜெபம் நடத்துவதும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. அவருக்கு ஒரு கீர்த்தி இருந்தது. அவர் வாலிபராய்ப் பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த ஆண்களில் பலபேர் குடுமியை விட மனமில்லாமல் வைத்திருந்தார்களாம். மிஷன் துரைமார் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் குடுமி இல்லாமல் நின்ற ஒரே பையன் அப்பா. ஒரு துரை அவரை முன்னால் அழைத்து, இந்த வாலிபனைப் பாருங்கள், பழையதை எப்படி அறுத்தெறிந்திருக்கிறான் என்று சொன்னாராம். உபதேசியார் வேலைக்கு அவரைத் தெரிந்தெடுத்ததே அதனால்தான் என்பார்கள். இந்தக் கதையை எங்கள் சபைக் குருவான ஐயர் வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கத்தில் சொல்லுவார். அதைக் கேட்டுக் குடுமியை அறுத்துக்கொண்டவர்களும் எங்கள் ஊரில் உண்டு. பிரசங்கம் நடக்கும்போது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைத் தாழ்மை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

வெளியே அப்பாவுக்குத் தலைப்பாகை. வேதக்கோயிலுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. அந்தக் காலத்தில் செருப்பைத்தான் கழற்றுவார்கள். வீட்டில் ஒரு துண்டைச் சுற்றியிருப்பார். நாவிதர் தெருவுக்கு வந்தால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். அப்பா தானே கத்தரித்துக்கொள்வதாகப் பேர். இதில் எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. குழந்தைக்குத் தகப்பன் தலை என்றால் தலைப்பாகைதான்.

அந்த வருஷம் மாசி மாதம் அம்மா எங்களைச் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். செம்மணல் மேடுகளான தேரியும் பனையும் வெயிலும். அந்த வெயிலில் என் தலையில் முடிக்கு ஒன்றாக இருந்த சின்னச் சின்னப் பருக்களெல்லாம் சிவந்து அரிப்பெடுத்தன. நான் சொறிந்து சொறிந்து, இருந்த கொஞ்ச முடியும் ஒடிந்தது. பார்க்கப் பொறுக்காமல் சித்தி சந்தனம் உரைத்துத் தலை நிறையப் பூசினாள். எவ்வளவு குளிர்ச்சி. அந்த மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். பிடிக்கிறதே என்று எரிச்சலும் வரும்.

திரும்பும்போது வண்டி கிடைக்கவில்லை. திருச்செந்தூரில் மாசித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. நேர்ச்சை செலுத்திவிட்டு வந்த ஒரு குடும்பம் தங்கள் வண்டியில் எங்களுக்கு இடம் கொடுத்தது. நல்ல மனிதர்கள், வழியெல்லாம் எனக்கும் தம்பிக்கும் பனங்கற்கண்டு கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் கிணற்றடியில் வண்டி நின்றபோது, மூப்பரின் மனைவி அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் எல்லாம் மொட்டைத் தலைகள், எல்லாவற்றிலும் சந்தனம். அதிலிருந்து கடைசியாக இறங்கினேன் நான், அதே மாதிரி ஒரு தலையோடு.

அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஐயர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஐயர் வந்தார். அம்மா மோர் கொடுத்தாள்; அவர் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டுத் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மொட்டை அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். அடிக்கவே இல்லை என்றாள் அம்மா. அப்படியானால் முடி எங்கே என்று ஐயர் கேட்டார். அதற்கு முன் வருஷக்கணக்காக என் தலை அப்படித்தான் இருந்ததை அவரும் கண்டவர்தான். ஆனால் பார்ப்பதும் கவனிப்பதும் வேறுதானே. பிள்ளைக்கு முடி வளராததால் தாய் மனம் தளர்ந்து திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள் என்று அவருக்குக் கதை கோத்தாகிவிட்டது. தம்பியின் தலையில் முடி அப்படியே இருந்தது அவருக்கு இன்னும் பலமான சாட்சியாயிற்று: நேர்ச்சை பெண்பிள்ளைக்கு மட்டும்.

அப்பா கதவோரம் நின்று, “நாங்க அங்கன போகல்ல ஐயரே,” என்று ஒரேயொரு தடவை சொன்னார். ஐயர் அவர்மேல் இரக்கத்தோடு, “உம்மை எனக்குத் தெரியாதா உபதேசியாரே. நீர் குடுமியை அறுத்தவர். உமக்குத் தெரியாமத்தான் நடந்திருக்கு,” என்றார்.

அப்பா தலையில் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டார். என் தாய் குற்றத்தை ஒப்புக்கொண்டு சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்கிறவரைக்கும் அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜனப் பந்திக்கு வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. எங்கள் சபையில் அது சாதாரணக் காரியமல்ல. பந்திக்கு விலக்கப்பட்டவள் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். ஜெபக்கூட்டத்தில் அவள் பாயில் இடம் விட்டு உட்காருவார்கள். அம்மா ஞாயிறு தவறாமல் போனாள். பந்தி நேரத்தில் மற்ற பெண்கள் எழுந்து போக, அவள் மட்டும் காலியான பாயில் என்னோடு உட்கார்ந்திருப்பாள். தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு, கோடையில் முழங்கால் ஆழமாய்ப் போயிருந்த ஆற்றைக் கடந்து, பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாள் இருந்தார். வேத புத்தகத்தில் இருப்பதுபோல் தமிழ் பேசுவார். என் தலையில் எண்ணெயும் தேய்க்கவில்லை, யாரையும் திட்டவுமில்லை. இரண்டு முடியைப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு பித்தளைக் குழல் வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார்.

பாசிமணி கோத்ததுபோல் இருந்தது. பருத்து, மெலிந்து, மறுபடி பருத்து, மறுபடி மெலிந்து. என் தலையில் இவ்வளவு அழகான ஒன்று இருந்ததா என்று எனக்கு ஆச்சரியம். ஒரு முனை மெலிந்த இடத்தில் முறிந்து, விளக்குமாற்றுக் குச்சிபோல் பிரிந்திருந்தது. டாக்டரம்மாள் அம்மாவுக்கு விளக்கினார்: தோலுக்குள் முடியை உண்டாக்குகிற வேர் ஒரே சீராகத் தள்ளாமல் கொஞ்சம் கனமாகவும் கொஞ்சம் மெலிதாகவும் தள்ளுகிறது, மெலிந்த இடத்தில் ஒடிகிறது. பிறக்கும்போது இருக்கிற முடியில் இது தெரியாது, அது உதிர்ந்து அடுத்தது முளைக்கும்போதுதான் தெரியும். எண்ணெயும் சாப்பாடும் காரணமல்ல. மொட்டை அடித்தாலும் திரும்ப இதேதான் முளைக்கும். இப்படி ஒரு குடும்பத்தைத் தன் தேசத்தில் கண்டிருப்பதாகச் சொன்னார். அங்கே தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்தது, பிள்ளைகளில் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவர்களின் பிள்ளைகளுக்கு அது தொடரவில்லை.

பிறகு அம்மாவின் தலையிலிருந்து ஒரு முடி எடுத்துக் குழலில் வைத்தார். நுனிமுதல் அடிவரை ஒரே கனம்.

“இவளுடைய தகப்பனின் தலை எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

“அவிய தலைப்பா கெட்டுவாவ,” என்றாள் அம்மா.

“தலைப்பாகையைப்பற்றி நான் கேட்கவில்லை.”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் அப்பாவின் அக்காளின் நினைவு வந்தது. அந்த அத்தை சவுரி வைத்துத்தான் கொண்டை போடுவாள்; வீட்டுக்குள்ளும் முக்காட்டை எடுக்கமாட்டாள். அதையும் பக்தி என்றுதான் சொல்லுவார்கள். அந்தக் குடும்பத்தில் முடி ஒடிய ஒடியப் பக்தி வளர்ந்திருக்கிறது.

ஐயரிடம் தானே வந்து பேசுவதாக டாக்டரம்மாள் சொன்னார். வேண்டாம், அவரே சொல்லட்டும் என்று அம்மா தடுத்துவிட்டாள். அடுத்த வாரம் டாக்டரம்மாள் வெயிலுக்காக மலைக்குப் போய்விட்டார். அன்றைக்கே அவரைப் பேசவிட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மா செய்தது சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். என் கணவர் பாளையங்கோட்டையில் சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா, நாலுபேர் மதிக்கிறவர். என் இடத்தில் வேறொருத்தி இருந்தால் பிள்ளைக்கு இது யாரிடமிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்லுவாள் என்றும் யோசிக்கிறேன். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா தச்சநல்லூருக்கே போய், என் தலையைப்பற்றி என் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இது பிள்ளைக்கு வரவும் செய்யும், வராமலும் இருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சோழியைப் புதிதாக உருட்டுகிற மாதிரி என்றும் சொன்னாள். மாமியார் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மாதங்களில் என் முடி தோளைத் தொட்டது. இனி சரியாகிவிடும் என்று நம்பினேன். பிள்ளை பிறந்ததும் பழையபடி ஒடிந்தது. முப்பது வயதுக்குள் எத்தனை முறை ஏமாறுவது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அம்மா அப்பாவுக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாள் சொன்னதையெல்லாம் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?”

“பொறு. ஈஸ்டர் போகட்டும்.”

ஈஸ்டர் போயிற்று. அப்பா சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஐயரிடமிருந்து ஒரு சமாதானம் கொண்டுவந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து நின்று, தப்புச் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொன்னால் போதும். கேள்வி ஒன்றும் கேட்கமாட்டார்கள். அடுத்த பந்திக்கு அவள் வரலாம். செய்யாததைச் செய்தேன் என்று கோயிலில் நின்று சொல்லச் சொல்லுகிறீர்களா என்று அம்மா கேட்டாள். ஒரு வார்த்தைதானே என்றார் அப்பா. பிறகு, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“என்னைப் பாத்துக் குடுமிய அறுத்தவன் எத்தன பேரு இருக்கான். அவங்கிட்டல்லாம் நான் என்னன்னு சொல்லுவேன்?”

“எங்கிட்ட என்ன சொல்லுதியளோ, அதையே சொல்லுங்க.”

அப்பா கெட்டவர் அல்ல. பொய் சொன்னதும் இல்லை. அவரைப்பற்றி மற்றவர்கள் சொன்ன பொய்யைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் என் தாய் காலிப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. இதற்கு மட்டும் ஊர் நேரத்துக்கு வரும். ஐயர் அம்மாவின் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லும்படி கேட்டார். அம்மா எழுந்தாள். என் கையைப் பிடித்து என்னையும் எழுப்பினாள். என் தலைமேல் கிடந்த முக்காட்டை எடுத்தாள்.

“நான் திருச்செந்தூருக்குப் போகல்ல. பிள்ளைக்கு மொட்டையும் அடிக்கல்ல,” என்றாள். “இது இவ அப்பா முடி.”

எல்லாரும் ஆண்கள் பக்கம் திரும்பினார்கள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“உபதேசியாரே, இது மெய்தானா?”

“மெய்தான் ஐயரே.”

“அப்போ குடுமியை அறுத்தீரே?”

“இருந்தாத்தானே அறுக்க.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று ஐயர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார் அப்பா. அது உண்மைதான். வேறு எதைப்பற்றியும் அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்காமல் இருந்ததில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், அப்பா பயந்த காரியம் எதிரே வந்தது. அவருடைய கதையைக் கேட்டுக் குடுமியை அறுத்த முதல் ஆள், வயல்காட்டு விவசாயி, வயசானவர். அப்பா அவரிடம் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “நான் வேதத்தக் கேட்டு அறுத்தேன். ஒம்ம தலையப் பாத்தா அறுத்தேன் வே?” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் என் தாய் அத்தனை வாரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மூப்பரின் மனைவி அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார். வருத்தம் தெரிவிக்க வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்பாவின் தலைக்கும் சின்ன வெங்காயம் தேய்த்துப் பார்க்கலாம் என்று சொல்ல வந்திருந்தார்.

சபைக் கமிட்டி கூடியது. அம்மா திருச்செந்தூருக்குப் போகவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு ஸ்திரீ கோயிலுக்குள் எழுந்து நின்று, சொல்லச் சொன்னதை விட்டுவிட்டு, தன் புருஷனை எல்லாருக்கும் முன்பாகத் தலைகுனிய வைத்தது ஒழுங்கல்ல என்று கண்டார்கள். அதற்காக இன்னும் ஒரு மாதம் பந்தி இல்லை. அப்பாவின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் தாழ்மையாய் ஒப்புக்கொண்டது நல்ல மாதிரி என்றுகூடச் சொன்னார்களாம்.

அடுத்த இராப்போஜன ஞாயிறு வந்தது. ஆண்களில் முதலாவதாகப் பந்திக்குப் போவது எப்போதும் உபதேசியார். ஐயர் அப்பத்தட்டோடு நின்று பார்த்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. மூப்பர் அவர் தோளைத் தொட்டார். அப்பா தலையை அசைத்தார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் போனார்கள். கடைசியில் இந்தப் பக்கத்துப் பாயில் அம்மாவும் நானும், அந்தப் பக்கத்துப் பாயில் அப்பா மட்டும், நடுவே வெறும் தரை. அம்மா அவரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் தரையைப் பார்க்கவில்லை, நேரே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து இலை போட்டதும் அம்மா சொன்னாள்:

“இத மாசி மாசமே செஞ்சிருந்தா என்னவாம்?”

அப்பா மோர் கேட்டார். அம்மா ஊற்றினாள்.

அதற்கடுத்த மாதம் இரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பந்திக்குப் போனார்கள். அன்றைக்கும் திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.